நின்றுகொண்டே சாப்பிட ஏழு ஊர்ப் பலகாரம்

2023 டிசம்பர் 31 இரவு, எங்கள் குடியிருப்பின் ஹாலில் ஒரு பெரியம்மா கையில் டாக்கோவுடன் நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. இடது கையில் பேப்பர் தட்டு, அதே கையில் பர்ஸ். வலது கையில் மடித்த சோள ரொட்டி. ஒரு கடி கடித்தார். மறுமுனை வழியாக ராஜ்மாவும் தக்காளிச் சாறும் வழிந்து அரக்குப் பட்டுப்புடவையில் இறங்கின. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டை ஓரமாக வைத்தார், முந்தானையை மடித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் திரும்பி வரவில்லை.

அந்த விருந்துக்கு ‘உலகம் சுற்றலாம்’ என்று பெயர் வைத்தோம். சாப்பாட்டுப் பட்டியல் என் பொறுப்பு. பிள்ளைகளுக்குப் பெயர் தெரிந்த நாடுகளாகப் பார்த்து மெக்சிகோ, இத்தாலி, ஜப்பான் என்று எழுதிக்கொண்டே போனேன். இத்தாலிய புருஷெட்டா, அதாவது வறுத்த ரொட்டித் துண்டின் மேல் நறுக்கிய தக்காளி, அரை மணி நேரத்தில் நனைந்த பஞ்சாகிவிட்டது. மார்கழிப் பனியில் ஹால் கதவுகள் திறந்திருந்தால் எந்த மொறுமொறுப்பும் நிற்காது. சூஷியைப் பச்சை மீன் என்று நினைத்துப் பெரியவர்கள் தொடவே இல்லை. சூஷி என்ற பெயர் வினிகர் கலந்த சாதத்தைத்தான் குறிக்கும், நாங்கள் வைத்ததில் வெள்ளரிக்காய்தான் இருந்தது. அதைச் சொல்ல அந்த மேசைக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. நாச்சோஸ் சிப்ஸுக்கு நடுவில் ஒரே ஒரு பெரிய கிண்ணத்தில் சீஸ் சாஸ் வைத்திருந்தோம். ஒரு பையன் கடித்த சிப்ஸை மறுபடி அதில் முக்கினான். அதைப் பார்த்த மாமி ஒருவர் மெதுவாகத் தட்டைக் கீழே வைத்தார். நம் வீடுகளில் எச்சில் என்பது சின்ன விஷயம் இல்லை. அதன்பிறகு அந்தக் கிண்ணத்தின் பக்கம் பிள்ளைகளைத் தவிர யாரும் போகவில்லை.

அடுத்த வருடமும் என்னிடமே பொறுப்பைக் கொடுத்தார்கள். இந்த முறை நாடுகளை ஓரமாக வைத்துவிட்டு, சாப்பிட வருகிற எழுபது பேரையும் அவர்களுடைய கைகளையும் முதலில் யோசித்தேன்.

கை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. விருந்தில் நிற்கிறவருக்குச் சாப்பிட ஒரு கைதான் மிச்சம். இன்னொன்றில் தட்டோ டம்ளரோ, குழந்தையோ இருக்கும். நாம் வலது கையால்தான் சாப்பிடுவோம், ஆகவே பிடிப்பது எல்லாம் இடது கையின் வேலை. அதனால் ஒவ்வொரு பலகாரத்தையும் வீட்டில் செய்து பார்த்து, இடது கையில் தண்ணீர் டம்ளரைப் பிடித்தபடி நின்றுகொண்டு சாப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு கடியில் முடிய வேண்டும். முதல் கடிக்குப் பிறகு மீதி உதிரக் கூடாது, ஒழுகக் கூடாது. சாப்பிட்ட விரலால் உடனே ஒருவருக்குக் கை கொடுக்க முடிய வேண்டும். டாக்கோ இதில் முதல் நிமிடத்திலேயே தோற்றது. சுவையில் குறை ஒன்றும் இல்லை. உட்கார்ந்து, தட்டின் மேல் குனிந்து சாப்பிட வேண்டிய பண்டம் அது.

அப்புறம் ஆட்கள். டிசம்பர் 31 என்றால் எங்கள் குடியிருப்பில் ஐந்தாறு பேர் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார்கள். அவர்களில் சிலர் வெளிச் சாப்பாட்டையே தொட மாட்டார்கள், பழம் மட்டும் எடுத்துக்கொள்வார்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் நள்ளிரவு ஆராதனைக்காகப் பத்து மணிக்கே கிளம்பிவிடும். முஸ்லிம் குடும்பங்களுக்குக் கோழி ஹலாலாக இருக்க வேண்டும். ஒரு ஜெயின் குடும்பம் வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் சேர்ப்பதில்லை, சூரியன் மறைந்த பிறகு சாப்பிடுவதும் இல்லை. அந்த மாதத்தில் சென்னையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. முந்தைய வருடம் விருந்து ஏழு மணிக்கு. அவர்கள் வந்து, சிரித்துப் பேசி, தண்ணீர்கூடக் குடிக்காமல் போயிருக்கிறார்கள். எனக்கு அது பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது, மனது கஷ்டப்பட்டது. இந்த முறை ஐந்து மணிக்கே ஆரம்பித்தோம். பி பிளாக்கில் ஒரு சிறுமிக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. அவள் தட்டில் மட்டும் போடாமல் இருந்தால் போதாது, ஒரே கரண்டி, ஒரே எண்ணெய் வழியாகவும் அவளுக்குப் போய்விடும். ஆகவே மேசையிலேயே வேர்க்கடலை கிடையாது என்று முடிவு செய்தோம்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பார்த்தால், பட்டியல் பாதி தானாகவே அமைந்துவிட்டது.

முதலில் அகரா. நைஜீரியாவில் யொரூபா மக்கள் காலையில் சாப்பிடுகிற பலகாரம். காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து, வெங்காயமும் மிளகாயும் சேர்த்து எண்ணெயில் பொரிப்பது. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களோடு இது கடல் கடந்து பிரேசிலின் பாயியா மாநிலத்துக்குப் போனது. அங்கே இதற்கு அகராஜே என்று பெயர். செம்பனை எண்ணெயில் பொரித்து, நடுவில் பிளந்து, இறால் சேர்த்த விழுது வைத்துத் தெருவோரம் விற்கிறார்கள். வெள்ளை உடை உடுத்திய பெண்கள் விற்பது அந்த ஊரின் அடையாளம்.

இதைச் செய்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. காராமணியை அரை மணி நேரம் ஊறவைத்து இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் தேய்த்தால் தோல் கழன்று தண்ணீரில் மிதக்கும். அதை வடித்துவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம் ஊறவிட வேண்டும். அரைக்கும்போது தண்ணீரைத் தெளித்தால் போதும், ஊற்றக் கூடாது. அரைத்த மாவைக் கையால் பத்து நிமிடம் அடிக்க வேண்டும். உளுந்து வடைக்கு நாம் செய்கிற அதே சோதனைதான்: ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். உப்பையும் வெங்காயத்தையும் பொரிப்பதற்குச் சற்று முன்புதான் சேர்க்க வேண்டும், முன்னாலேயே சேர்த்தால் மாவு நீர்த்து இறங்கிவிடும். முதல் முறை நான் மதியமே எல்லாம் கலந்து வைத்தேன், மாலையில் கல்லு கல்லாக வந்தது. இரண்டாவது முறை உள்ளே பஞ்சு மாதிரி இருந்தது. இரண்டு கிலோ காராமணிக்கு இருநூற்றுச் சொச்சம் கிடைத்தது. சூஷியைத் தொடாத அதே பெரியவர்கள் இதை ‘நல்ல வடை’ என்று சொல்லி இரண்டாவது, மூன்றாவது என்று எடுத்தார்கள்.

முதலில் ஃபலாஃபலும் பட்டியலில் இருந்தது. அதை எடுத்துவிட்டேன். ஊறவைத்த பருப்பை அரைத்துப் பொரித்த உருண்டை இரண்டு எதற்கு? ஒரே எண்ணெய்ச் சட்டி, ஒரே சமையல்காரர். சூடாகக் கொடுக்க வேண்டிய பண்டம் ஒன்றுக்கு மேல் இருந்தால் இரண்டும் ஆறித்தான் வரும். உலக விருந்து என்று எழுதும்போது சமோசா வகை மூன்று, வடை வகை மூன்று என்று நம்மை அறியாமலேயே சேர்ந்துவிடும். ஒவ்வொரு நாட்டிலும் மாவில் பொதிந்த ஒன்றும் எண்ணெயில் பொரித்த ஒன்றும் இருக்கிறது. பொரித்தது ஒன்று, சுட்டது ஒன்று, வேகவைத்தது ஒன்று, பச்சையாக ஒன்று, இனிப்பு ஒன்று என்று சமைக்கும் விதத்தைப் பார்த்துப் பிரித்தால் நாடு தானாக மாறும்.

அடுத்தது பிரேசிலின் பாவ் தி கெய்ஜு. சீஸ் ரொட்டி என்று அர்த்தம். கோதுமை துளியும் கிடையாது, மரவள்ளி ஸ்டார்ச்தான். நம் சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் எடுக்கிற அதே வெள்ளை ஸ்டார்ச். மரவள்ளிக் கிழங்கைக் காயவைத்து அரைத்த மாவு வேறு, அதில் இது வராது. கடையில் கேட்கும்போது ஸ்டார்ச் என்றே கேட்டு வாங்க வேண்டும். பாலும் எண்ணெயும் உப்பும் கொதிக்கவைத்து ஸ்டார்ச்சின் மேல் ஊற்றிப் பிசைந்து, ஆறியதும் முட்டையும் துருவிய சீஸும் சேர்த்து உருட்டி, 200 டிகிரியில் இருபது நிமிடம் சுட்டால் உப்பிக்கொண்டு வரும். வெளியே மெல்லிய ஓடு, உள்ளே இழுவையாக இருக்கும். ஒரு கிலோ ஸ்டார்ச்சுக்கு ஏறக்குறைய நூறு உருண்டை. ஆறினால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஆகவே உருட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, விருந்து நேரத்தில் நேராக ஓவனில் வைத்தோம். ஏ பிளாக்கில் ஒரு வீட்டு ஓவன், எங்கள் வீட்டு ஓவன், இரண்டிலும் இருபத்தைந்து இருபத்தைந்தாகச் சுட்டு லிஃப்டில் கீழே இறக்கினோம். பிள்ளைகள் லிஃப்ட் வாசலிலேயே காத்து நின்றார்கள்.

மேற்காசிய ஹம்முஸை, அதாவது கொண்டைக்கடலையும் எள்ளும் அரைத்த விழுதை வைத்தோம், பெரிய கிண்ணத்தில் வைக்கவில்லை. கோயிலில் சுண்டல் தருகிற தொன்னைகளில் சின்ன அளவு வாங்கி, ஆளுக்கு ஒன்றாக, அடியில் இரண்டு ஸ்பூன் ஹம்முஸ், அதில் குத்திட்டு நிற்கிற மாதிரி நாலு வெள்ளரித் துண்டு. அவரவர் தொன்னை அவரவர் கையில். எச்சில் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. பூண்டு சேர்க்காமல் இருபது தொன்னை தனியாக. கொண்டைக்கடலையைக் குக்கரில் கொஞ்சம் சமையல் சோடா போட்டு நன்றாகக் குழைய வேகவைத்து, சூடாக இருக்கும்போதே எள் விழுதோடு அரைத்தால் வெண்ணெய் மாதிரி வரும்.

வியட்நாமின் கோய் குவான் பச்சையாகச் சாப்பிடுகிற சுருள். அரிசித் தாளைத் தண்ணீரில் இரண்டு மூன்று விநாடி நனைத்தால் போதும். கையிலேயே குழையும்வரை விட்டால் சுருட்டும்போது கிழியும், பலகையில் வைத்த பிறகும் அது இளகிக்கொண்டே இருக்கும். உள்ளே வெந்த அரிசி சேமியா, வெள்ளரி, குடைமிளகாய், அன்னாசி, நிறையப் புதினா. கேரட் சேர்த்தது பாதி, சேர்க்காதது பாதி. அந்த ஊரில் மீன் சாறு கலந்த தொட்டுக்கை வைப்பார்கள், வேர்க்கடலைச் சாஸும் உண்டு. இங்கே இரண்டும் முடியாது என்பதால் புளியும் வெல்லமும் வறுத்த எள்ளும் சேர்த்து ஒன்று செய்தோம். சுருள்களை ஒன்றோடொன்று உரச விட்டால் ஒட்டிக் கிழிந்துபோகும். வாழையிலைத் துண்டுகளை இடையில் வைத்து, மேலே ஈரத்துணி போட்டு மூடினோம். ஐந்தே காலுக்கு ஜெயின் வீட்டு அண்ணியும் பிள்ளைகளும் கேரட் இல்லாத தட்டில் முதலில் எடுத்தார்கள். என்னென்ன சேர்த்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், சொன்னேன், சாப்பிட்டார். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே விருந்தை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளியதில் எனக்குச் சந்தோஷம்.

அசைவத்தில் சத்தே, அதாவது இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் குச்சியில் குத்திச் சுடும் கோழி. தொடைக் கறிதான் வேண்டும், நெஞ்சுக் கறி ஆறினால் வறண்டுவிடும். மஞ்சள், மல்லி, எலுமிச்சைப்புல், கொஞ்சம் சர்க்கரை சேர்த்து ஊறவைத்தோம். மூங்கில் குச்சியை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்தால் கரியில் எரியாது. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன் கூர்முனையை வெட்டிவிட வேண்டும்.

பேஜோ என்கிற பர்மா முட்டைப் பலகாரம் மட்டும் என் யோசனை இல்லை. சி பிளாக்கில் ரங்கூன் பாட்டி என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு பாட்டி இருக்கிறார். பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்த பிறகு கடைகளையும் தொழில்களையும் அரசு எடுத்துக்கொள்ள, அங்கிருந்து கப்பலில் திரும்பிய பல்லாயிரம் தமிழர்களில் அவர் குடும்பமும் ஒன்று. சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்கிற நூடுல்ஸ் கலவையும் மொஹிங்கா என்கிற நூடுல்ஸ் சூப்பும் விற்கிற வண்டிகள் அந்த வழியில் வந்தவைதான். அந்த வண்டிகளில் அத்தோவுக்குப் பக்கத்தில் பிளந்த அவித்த முட்டையில் வறுத்த வெங்காயம் வைத்துக் கொடுப்பார்கள், அதுதான் பேஜோ. “உலகம்னு எழுதியிருக்கீங்களே, பர்மா இல்லையா?” என்று பாட்டி கேட்டார். கோழி முட்டை இரண்டு கடியில் முடியாதே என்றேன். “காடை முட்டை வாங்கும்மா” என்றார்.

அன்று மதியம் பாட்டி எங்கள் சமையலறையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். பூண்டை நான் பொன்னிறத்தில் எடுக்கப் போனேன், “இன்னும் இன்னும்” என்று கையைத் தடுத்தார். எண்ணெயிலிருந்து எடுத்த பிறகும் அதன் சூட்டிலேயே நிறம் ஏறும் என்றுதான் நான் பயந்தேன். அவர் சொன்ன இடத்தில் எடுத்தபோது பூண்டு இளம்பழுப்பில் இருந்தது, விரலில் நசுக்கினால் பொடிந்தது. வெங்காயம் தனியாக, பூண்டு தனியாக வறுக்க வேண்டும், இரண்டும் வேகும் நேரம் வேறு. முட்டையைப் பாதி ஆழத்துக்குப் பிளந்து, வறுத்த வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள், உப்பு, பொடியாக நறுக்கிய மல்லித்தழை வைத்து, மேலே கெட்டிப் புளித்தண்ணீர் அரை ஸ்பூன், பூண்டு வறுத்த எண்ணெய் ஒரு சொட்டு. முன்னாலேயே அடைத்து வைத்தால் வெங்காயம் தளர்ந்துவிடும். ஆகவே முட்டை குளிர்ந்த பெட்டியில், பூரணம் டப்பாவில், புளித்தண்ணீர் பாட்டிலில். பாட்டியே ஹாலில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடைத்துக் கொடுத்தார். முந்தைய வருடம் சூஷிக்குக் கிடைக்காதது இந்த முட்டைக்குக் கிடைத்தது. இது என்ன, எங்கிருந்து வந்தது என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இருந்தார்.

கடைசியில் இனிப்பு, மலேசியாவின் ஒண்டே ஒண்டே. பசையரிசி மாவு உருண்டைக்குள் வெல்லம், வெந்து மிதந்ததும் எடுத்துத் தேங்காய்த் துருவலில் புரட்டுவது. நம் கொழுக்கட்டை மாவில் செய்தால் வெடித்துவிடும், பசையரிசி மாவேதான் வேண்டும். செட்டிநாட்டுக் கவுனி அரிசியில் இருக்கிற பிசுபிசுப்பு இதிலும் உண்டு. நிறத்துக்கும் மணத்துக்கும் இலங்கைத் தமிழர்கள் ரம்பை என்று சொல்கிற இலையின் சாறு. உள்ளே உடன்குடிக் கருப்பட்டி வைத்தோம். பெரிய நெல்லிக்காய் அளவைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் இதை முழுசாக வாயில் போட்டு மூடிக்கொண்டுதான் கடிக்க வேண்டும். பாதி கடித்தால் பாகு பீறிட்டுச் சட்டையில் விழும். ஆனால் உருண்டையாகவும் ஒட்டும் தன்மையோடும் இருப்பதால் சின்னக் குழந்தைகளுக்கும் பல் இல்லாத பெரியவர்களுக்கும் தொண்டையில் அடைக்கலாம். அவர்களுக்கென்று பூரணம் வைக்காமல் தட்டையாகத் தட்டி, சின்னத் துண்டாக வெட்டி, மேலே கருப்பட்டிப் பாகு விட்டுக் கொடுத்தோம். காடை முட்டையையும் குழந்தைகளுக்கு நாலாக வெட்டித்தான் கொடுத்தோம்.

அலங்காரத்தில் ஒரு பெரிய தவறு நடக்க இருந்தது. பிள்ளைகள் ஆசையாக நாட்டுக் கொடிகளைத் தாளில் அச்சடித்துப் பல்குச்சிகளில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஹம்முஸுக்கு எந்த நாடு என்று தெரியாமல் சவுதி அரேபியக் கொடியை ஒட்டிவிட்டார்கள். முதல் நாள் இரவு எதிர்வீட்டு முஸ்லிம் அக்கா பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இதுல கலிமா எழுதியிருக்கு. சாப்பிட்டுட்டுக் குப்பையில போடுவாங்களே” என்றார். கலிமா என்பது இஸ்லாத்தின் விசுவாச வாக்கியம். எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. எந்த நாட்டுக் கொடியாக இருந்தாலும் எச்சில் குச்சியோடு குப்பைக்குப் போவது சரியில்லைதான். எல்லாக் கொடிகளையும் எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் ஒவ்வொரு பலகாரத்துக்கும் ஓர் அட்டை. மேலே பெரிய எழுத்தில் உள்ளே என்ன இருக்கிறது, அதன் கீழே பெயர், கடைசியில் ஊர். ‘காராமணி, வெங்காயம், மிளகாய். முட்டை இல்லை. அகரா, நைஜீரியா.’ நாட்டின் பெயரை முதலில் எழுதினால் தயங்குகிறவர்கள், காராமணி என்று பார்த்ததும் எடுத்தார்கள்.

அளவு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரவுச் சாப்பாடு தனியாக இருந்தால் ஆளுக்கு ஐந்தாறு போதும். இதுவே சாப்பாடு என்றால் பத்து பன்னிரண்டு வேண்டும். எங்களுக்குக் கடைசியில் தயிர்சாதம் மட்டும்தான் என்பதால் ஆளுக்குப் பத்து, மொத்தம் எழுநூறு என்று போட்டேன். ஆனால் சத்தேவை நூறு செய்தது அதிகம், சீஸ் ரொட்டியை நூறு செய்தது குறைவு. அசைவம் சாப்பிடுகிறவர்கள் சைவத்தையும் எடுப்பார்கள், சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மாற்று கிடையாது. ஆகவே பாதிப் பேர் அசைவம் என்றாலும் முக்கால் பங்கு சைவமாகத்தான் இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மேசையில் கொட்டிவிடவும் கூடாது. சமைத்தது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கெட ஆரம்பிக்கும், அதுவும் முட்டையும் கோழியும். சின்னத் தட்டில் வைத்து, தீரத் தீர நிரப்பினோம். மேசை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு கேனும் சோப்பும் துண்டும். கரண்டியே இல்லாத விருந்தில் எல்லோரும் கை கழுவிவிட்டு வர இது ஒன்றுதான் வழி.

ஒன்பதே முக்காலுக்கு ஆராதனைக்குக் கிளம்பிய குடும்பத்துக்கு நாலு அகராவைத் தாளில் சுற்றிக் கொடுத்தோம். பட்டுப்புடவைப் பெரியம்மாவும் இந்த முறை வந்திருந்தார். ஒரு கையில் பேரன், இன்னொரு கையில் தொன்னை. பேரனுக்கு வெள்ளரித் துண்டைக் கொடுத்துவிட்டு, ஹம்முஸில் பூண்டு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு போனார்.

மிஞ்சியது பதினோரு சத்தேக் குச்சி, அரை டப்பா வறுத்த வெங்காயம். வெங்காயத்தை ரங்கூன் பாட்டி எடுத்துக்கொண்டார், மறுநாள் அத்தோ செய்ய.